பாட்டு எங்கிருந்து வருகிறது: கல்ட் படங்களில் பழைய ராக் அண்ட் ரோலைக் கேட்கும் முறை

மதுரைக்கு மேற்கே செக்கானூரணிப் பக்கமோ, வடக்கே அலங்காநல்லூர்ப் பக்கமோ வைகாசி மாதத்தில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தால், எங்கோ ஒரு காதுகுத்து வீட்டின் குழாய் ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வரும். காற்று நம் பக்கம் திரும்பும்போது இரண்டு வரி தெளிவாகக் கேட்கும். காற்று விலகினால் தபலா மட்டும் மிஞ்சும். கண்மாய்க்கரையில் மோதிய ஒலி ஒரு கணம் பிந்தி இன்னொரு முறை வந்து சேரும். என்ன பாட்டு என்று யோசிப்பதற்கு முன்பே, எந்த ஊர், எவ்வளவு தூரம், என்ன விசேஷம் என்று காது கணக்குப் போட்டு முடித்திருக்கும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த மேல்நாட்டுப் பாட்டுகளைக் கல்ட் படங்களுக்குள் வைத்துக் கேட்பதற்குத் தேவையான பயிற்சியில் பாதி இதுதான், அது நமக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. மீதிப் பாதியை எப்படிப் பழகுவது, அதற்கு என்ன கருவி வேண்டும், நாலு நண்பர்களை அழைத்து ஒரு மாலையை எப்படி நடத்துவது என்பவற்றை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கல்ட் படம் என்ற சொல்லை இப்போது எல்லோரும் தாராளமாகப் புழங்குகிறார்கள். ஓடாத படமெல்லாம் கல்ட் படமாகிவிடாது. பார்த்தவர்களில் ஒரு சிறு கூட்டம் விடாமல் பேசிப் பேசி, திரும்பத் திரும்பப் பார்த்து உயிரோடு வைத்திருக்கும் படம் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும். நம்மிடம் 2011-இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ அப்படி நின்ற படம். மேல்நாட்டில் பெரிய வசூல் செய்த சில படங்களும் இந்த வழிபாட்டுக்குள் வந்துவிட்டன என்பதால், வரையறையில் நான் கறாராக இருக்கப்போவதில்லை.

தொடங்குவதற்கு 1955-ஐவிட நல்ல ஆண்டு கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் மாதம் பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவும் நியூயார்க்கில் ‘ராக் அரௌண்ட் த கிளாக்’ பாட்டைப் பதிவு செய்தார்கள். அது ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில், வேறொரு பாட்டுக்குத் துணைப்பாட்டாக வெளிவந்து, பெரிதாக எடுபடாமல் அடங்கிவிட்டது. 1955 மார்ச்சில் முரட்டுப் பள்ளி மாணவர்களைப் பற்றிய ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்ற படம் வந்தது. அதன் தொடக்கத்தில், பெயர்கள் ஓடும்போது, இந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு எட்டு வாரம் அங்கேயே நின்றது. குரலும் கிதாரும் தாளமும் அதே பழைய பதிவுதான். கேட்கும் இடம் மட்டும் மாறியிருந்தது. வீட்டு ரேடியோவில் மெல்லிய ஒலியில் கேட்டுவந்த பாட்டை, இருட்டில், பெரிய ஸ்பீக்கரில், நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து கேட்டபோது அதன் எடை தெரிந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே, விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில் நடந்த ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், கதையை மறந்திருப்பார்கள், திரைக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

முதல் பயிற்சிக்கு ஜார்ஜ் லூகாஸ் 1973-இல் எடுத்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல், ஒரு சிறு நகரத்தில், ஒரே இரவில் நடக்கும் கதை இது. இளைஞர்கள் காரில் சுற்றுகிறார்கள். எல்லாக் கார்களிலும் ஒரே வானொலி நிலையம் பாடிக்கொண்டிருக்கிறது. படத்தோடு வெளிவந்த இசைத்தட்டில் மட்டும் 41 பாட்டுகள் இருந்தன. எல்லாப் பாட்டுக்கும் ஒரே விலை என்று பேசியதற்கு எல்விஸ் பிரெஸ்லியின் நிறுவனம் இணங்காததால், 1962-இன் இரவில் எல்விஸின் குரல் ஒலிக்கவே இல்லை என்ற வேடிக்கையும் நடந்தது. படத்தைப் போட்டுவிட்டு முதல் பதினைந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாட்டு ஒவ்வொரு முறை நிறம் மாறும்போதும், அது காருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரா, எதிரே கடந்து போகும் காரா, உணவகத்தின் வாசலா, நடன மண்டபமா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பின் கண்ணைத் திறந்து அதே பகுதியைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறையிலேயே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள்.

அது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கேட்பது இன்னும் கூர்மையாகும். படத்தின் ஒலியை அமைத்த வால்டர் மர்ச், இசைத்தட்டிலிருந்து வந்த சுத்தமான பாட்டை அப்படியே படத்தில் ஒட்டவில்லை. வானொலி நிகழ்ச்சி முழுவதையும் ஒரு நாடாவில் சேர்த்துக்கொண்டு, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் ஸ்பீக்கர் வழியாக அதை ஒலிக்கவிட்டார்கள். ஒரு கோடியில் லூகாஸ் ஸ்பீக்கரை இப்படியும் அப்படியுமாக அசைக்க, மறுகோடியில் மர்ச் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பிடித்து மீண்டும் பதிவு செய்தார். சுவரில் மோதியது, வெட்டவெளியில் கரைந்தது, திசை மாறியபோது மங்கியது எல்லாம் அந்தப் பதிவில் விழுந்துவிட்டன. பிறகு சுத்தமான ஒலியையும் இந்த அழுக்கேறிய ஒலியையும் காட்சிக்கு ஏற்ற விகிதத்தில் கலந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் ரேடியோ செட்டுக்காரர் பனைமரத்தில் ஒரு குழாயையும் வேப்பமரத்தில் ஒரு குழாயையும் எதிரெதிர்த் திசையில் கட்டிவிட்டுப் போகும்போது செய்ததும் ஏறத்தாழ இதேதான். அவர் மறுபதிவு மட்டும் செய்யவில்லை.

அந்தப் படத்தில் பாட்டுகளுக்கு இடையே பேசும் அறிவிப்பாளர் உல்ஃப்மேன் ஜாக், மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து மிகுந்த சக்தியோடு ஒலிபரப்பிய நிலையங்களின் வழியாக உண்மையிலேயே பெயர் பெற்றவர். தென் மாவட்டங்களில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1952-க்குப் பின் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி அதை அள்ளிக் கொடுத்தது; 1957-இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதும் அதற்குப் போட்டியாகத்தான். எல்லைக்கு வெளியிலிருந்து வரும் குரலுக்கு ஒரு ரகசியத் தன்மை உண்டு. படம் பார்க்கும்போது உல்ஃப்மேன் ஜாக் இருக்குமிடத்தில் இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரலை வைத்துப் பாருங்கள், அந்த இளைஞர்களில் ஒருவன் ஏன் அவரைத் தேடிப் போகிறான் என்பது உடனே பிடிபடும்.

இதே பயிற்சியை நம் ஊரில் செய்வதற்கு, 1980-இன் மதுரையில் நடக்கும் ‘சுப்பிரமணியபுரம்’ (2008) இருக்கிறது. அதே 1980-இல் வெளிவந்த ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தின் ‘சிறு பொன்மணி அசையும்’ பாட்டு, காதலர்கள் பார்த்துக்கொள்ளும் நேரங்களில் வந்து போகிறது. இளையராஜாவும் ஜானகியும் பாடிய அந்தப் பாட்டை முதலில் தனியாக, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிறகு படத்தில் கேளுங்கள். இரண்டும் ஒரே பாட்டு என்றாலும், படத்தில் அது தெருவுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் அந்தப் பையனால் சொல்ல முடியாததை, யாரோ யாருக்காகவோ போட்ட பாட்டு சொல்லிவிடுகிறது. மேல்நாட்டுக் கல்ட் படங்களில் பழைய பாட்டு செய்யும் வேலைகளில் முக்கியமானது இதுதான். எழுதிய வசனத்தைவிட, அகஸ்மாத்தாகக் காதில் விழுந்ததுபோல வரும் பாட்டை நாம் அதிகம் நம்புகிறோம்.

எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட்ட பிறகு, எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் முறை எளியது. காட்சியை மூன்று முறை பார்க்க வேண்டும்: முதலில் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, இரண்டாவது முறை திரையைத் துணியால் மூடிவிட்டு, மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து. மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ (1973) தொடக்கம் இதற்கு அருமையான பாடம். தூக்கம் கலைந்து எழுந்தவன் மறுபடி தலையணையில் சாய்கிறான். தலை சாயும் அந்த நொடியில் ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’ (1963) தொடங்குகிறது. ஹால் பிளெய்ன் வாசித்த டிரம் அடியை வாயால் சொல்லிப் பழகுங்கள்: டும், டு-டும், டக், டும், டு-டும், டக். தலை சாய்வதை ஒரே ஓட்டமாகக் காட்டாமல் மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முகத்துக்கு நெருங்கி, அடியோடு சேர்த்து அடுக்கியிருப்பது, ஒலியில்லாமல் பார்த்தால் வெறும் தத்தலாகத் தெரியும். ஒலியோடு பார்த்தால் தலையணைக்குள் பாட்டு இருந்து, தலை பட்டவுடன் அது வெடித்தது போலிருக்கும்.

ஸ்கார்செஸிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கென்னத் ஆங்கர். அவருடைய ‘ஸ்கார்பியோ ரைசிங்’ (1963) அரைமணி நேரத்துக்கும் குறைவான குறும்படம். வசனம் கிடையாது, அன்றைய வானொலியில் ஓடிக்கொண்டிருந்த பதின்மூன்று பாட்டுகள் வரிசையாக வருகின்றன. மோட்டார் சைக்கிள் இளைஞன் பளபளக்கும் உலோகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பொம்மைக்குச் சாவி கொடுப்பதைப் பற்றி ஒரு பெண்குரல் பாடுகிறது. பாட்டு சொல்வதும் படம் காட்டுவதும் பொருந்தாமல், பொருந்தாததாலேயே இரண்டும் மாறுகின்றன. பள்ளிப் பெண்கள் முணுமுணுத்த பாட்டில் ஓர் அச்சம் ஏறுகிறது. இந்தப் படத்தையும் அடுத்து நான் சொல்லப்போகும் படத்தையும் வீட்டில் பிள்ளைகளோ மாமியாரோ இருக்கும் நேரத்தில் போட வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அடுத்த படம் டேவிட் லிஞ்ச் 1986-இல் எடுத்த ‘புளூ வெல்வெட்’. பெயரைக் கொடுத்த பாட்டு பாபி வின்ட்டன் 1963-இல் பாடியது. அது ஆங்கரின் குறும்படத்திலும் இருக்கிறது. ஆனால் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டியது, ராய் ஆர்பிசனின் ‘இன் ட்ரீம்ஸ்’ வரும் காட்சி. முகத்தில் வெளிறிய ஒப்பனை பூசிய ஒருவன், மெக்கானிக் கடையில் வண்டிக்கு அடியில் பிடிக்கும் கையடக்க விளக்கை மைக்கைப் போலத் தூக்கிப் பிடித்து, கேசட்டில் ஓடும் பாட்டுக்கு வாயசைக்கிறான். விளக்கு கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ரௌடியின் முகம் முதலில் உருகி, பிறகு வலியில் கோணுகிறது. பாட்டு முடிவுக்கு வரும் முன்பே காட்சி உடைகிறது. இரவல் குரலுக்கு வாயசைப்பது என்பது நம் சினிமாவில் எழுபது வருடத்துக்கும் மேலான அன்றாடம் என்பதால், நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அதே வாயசைப்பைக் கதைக்குள்ளேயே ஒருவன் செய்து காட்டும்போது அது எவ்வளவு விசித்திரமான காரியம் என்று முதன்முறையாகத் தோன்றும். பாட்டின் அமைப்பும் இதற்கு உதவுகிறது. சாதாரணமாகப் பல்லவிக்குத் திரும்பி வந்து ஆசுவாசப்படுத்தும் பாட்டுகளுக்கு மாறாக, ‘இன் ட்ரீம்ஸ்’ ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு ஏறிக்கொண்டே போகிறது; விட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. கேட்பவர் கால் ஊன்றுவதற்கு இடமே கொடுக்காத பாட்டு அது.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம் ஆட்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய ராக் அண்ட் ரோலின் அடிப்படைக் கட்டு, நான்கு அடிகள் கொண்ட பன்னிரண்டு கட்டங்கள். மொத்தம் 48 அடி. ஆதி தாளம் போடத் தெரிந்தவர் எட்டு எட்டாக எண்ணினால் சரியாக ஆறு ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடியும். ‘ராக் அரௌண்ட் த கிளாக்’ பாட்டில் மணியை எண்ணும் முன்னுரை முடிந்த இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். வேகமாக இருக்கும், ஆனால் பிசகாது. மூன்றாவது ஆவர்த்தனம் தொடங்கும்போது பாட்டுக்குக் கீழே ஒலிக்கும் சுருதிக்கட்டு (சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் ‘கார்டு’) இடம் மாறும், நான்காவதில் வீட்டுக்குத் திரும்பும், ஐந்தாவதில் மிக அதிகமாக இழுபடும், ஆறாவதில் அடங்கும். கைத்தட்டு மட்டும் வேறு: நாம் முதல் அடியில் தட்டுவோம், இவர்கள் இரண்டிலும் நான்கிலும் தட்டுவார்கள். ஒரு நாள் முழுக்கத் தவறாகத் தட்டினாலும் மறுநாள் வந்துவிடும்.

குவென்டின் டாரன்டினோவின் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ (1994) இந்த இடத்தில் கை கொடுக்கும். ஜான் டிரவோல்டாவும் உமா தர்மனும் ட்விஸ்ட் ஆடும் காட்சியில் வரும் சக் பெர்ரியின் ‘யூ நெவர் கேன் டெல்’ (1964), இரண்டே சுருதிக்கட்டுகளில் நிற்கும் பாட்டு என்பதால், அடி எண்ணப் பழகுவதற்கு அதைவிட எளியது கிடையாது. அந்தப் படத்தின் தொடக்கத்தில் வரும் டிக் டேலின் ‘மிசிர்லூ’ (1962) இன்னொரு சங்கதி. அது கிழக்கு மத்தியதரைக் கடல் ஓரத்து நாட்டார் மெட்டு. லெபனான் வம்சாவளியில் வந்த டிக் டேல் அதை மின்கிதாரில் புயல்வேகத்தில் வாசித்தார். மெட்டின் சுரங்களை மெதுவாகப் பாடிப் பார்த்தால், பாட்டுக் கற்கப் போன முதல் நாளே வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாயாமாளவகௌளை நேரே வந்து நிற்கும். ஆட்டோவில் போகும்போது இதைப் போட்டால் ஓட்டுநர் “இது எந்தப் படம் சார், நம்ம பாட்டு மாதிரி இருக்கே?” என்று கேட்பார். என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

எதிர்த்திசையில் போன பாட்டும் உண்டு. டெர்ரி ஸ்விகாஃப் எடுத்த ‘கோஸ்ட் வேர்ல்ட்’ (2001) ஓர் அமெரிக்கப் பெண், இரவில் தன் அறையில் ஒரு பழைய வீடியோவைப் போட்டு ஆடுவதோடு தொடங்குகிறது. அந்த வீடியோ, ‘கும்நாம்’ (1965) என்ற இந்திப் படத்தில் ஷங்கர்-ஜெய்கிஷன் இசையில் முகமது ரஃபி பாடிய ‘ஜான் பெஹ்சான் ஹோ’. முகமூடி கட்டிய லட்சுமி சாயாவின் கழுத்து உடைந்துவிடுமோ என்று பயப்படும்படியான அந்த ஆட்டமும், பக்கத்து வீட்டு ஜன்னல்களில் டிவி முன்னால் உறைந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் மாறி மாறி வருகிறார்கள். நம் ஊர் கிளப் பாட்டை நாம் கேலியாகப் பார்த்துக் கொண்டிருந்த காலத்தில், அதில் இருந்த சுதந்திரத்துக்கு ஏங்கும் ஒருத்தியை அவர்கள் படமாக்கினார்கள்.

அதனால், மேல்நாட்டுப் பாட்டைக் கேட்ட காதோடு அப்படியே நம் அறுபதுகளுக்கு வந்துவிடுவது நல்லது. இந்த ஓட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. டோரிஸ் டே 1956-இல் ஹிட்ச்காக் படத்தில் பாடிய ‘கே சரா சரா’, மறுவருடமே ‘ஆரவல்லி’ படத்தில் ‘சின்னப் பெண்ணான போதிலே’ ஆகிவிட்டது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தின் ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ பாட்டில், வேலை போனவன் வீட்டு வாசலில் கொட்டகை போட்டு நடத்தும் போராட்டம் ட்விஸ்ட் ஆட்டமாகிறது. வேதா இசையமைத்த ‘அதே கண்கள்’ (1967) ஒரு கொலைத் திகில் படம். அதன் பாட்டுகளில் மின்கிதாரும் பித்தளை ஊதுகுழல்களும் மோதிக்கொள்ள, இதே மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் கணீரென்ற தன் குரலை ஒரு கிளப் பாடகனுடையதாக மாற்றிக்கொள்வதைக் கேட்கலாம். வேதாவை இந்தி மெட்டுகளை எடுத்தாண்டவர் என்று ஒரே வரியில் ஒதுக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாத்தியங்களை அடுக்குவதில் அவருக்கு இருந்த துணிச்சல் தனி.

இனி கருவிகளுக்கு வருவோம். இசைத்தட்டு இல்லாமலும் இதையெல்லாம் செய்யலாம், ஆனால் ஒரு முறையாவது தட்டில் கேட்பது நல்லது. தேட வேண்டிய இடம் பெரிய கடைகள் அல்ல. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் மைக் செட் வைத்திருந்த குடும்பங்கள் கேசட் வந்தபோது தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். மரியாதையாகப் போய், காப்பி குடித்து, பேசி, இரண்டாவது முறை போகும்போது கேட்டால் இறக்கிக் காட்டுவார்கள். ஆங்கிலத் தட்டுகள் என்றால் பழைய ரயில்வே குடும்பங்களிலும், கொடைக்கானலில் வீடு காலி செய்கிறவர்களிடமும் கிடைக்கும்.

கொடைக்கானல் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வீட்டில் அமெரிக்க ரிக்கார்டு பிளேயர் ஒன்றை மலிவாக வாங்கினேன். 110 வோல்ட் என்று எழுதியிருந்ததால், விவரமானவன் என்ற நினைப்பில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி மாட்டினேன். எல்விஸ், விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவர் போலப் பாடினார். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பெல்ட்டை மாற்றினார்கள், எண்ணெய் விட்டார்கள், பணமும் வாங்கிக்கொண்டார்கள், தூக்கம் கலையவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டுமே குறைக்கும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. அந்தக் காலத்து மோட்டார் சுழற்சியைப் பின்பற்றி ஓடுவதால், வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடுகிறது. நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டு 37.5 சுற்றில் ஓடும். சுருதி, ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம் கீழே இறங்கிவிடும். ஆகவே, பிளேயரின் அடியில் இருக்கும் தகட்டில் வோல்ட்டேஜோடு சுழற்சி எண்ணையும் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா போன்ற உள்நாட்டுப் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஊசியிலும் கவனம் வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனை வேண்டும். பின்னாளில் வந்த வினைல் தட்டுகளான எல்.பி.க்கும் 45-க்கும் 25 மைக்ரான் அல்லது அதற்கும் சிறியது. சிறிய முனையை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் எடுக்கும், பெரியதை எல்.பி.யில் வைத்தால் தட்டையே கெடுத்துவிடும். துடைப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் பழைய பருத்தி வேட்டித் துணியும் போதும். துணியைப் பள்ளத்தின் போக்கில், வட்டமாகவே ஓட்ட வேண்டும். 78 தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் மாடி அறையிலோ, கதவடைத்த காரிலோ எல்.பி.க்களை விட்டால் அப்பளமாக வளைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி, சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலும் டிவிடியிலும் கேட்பவர்களுக்கு வேறு இரண்டு பொறிகள் இருக்கின்றன. பழைய பாடகர்கள் பலர் பின்னாளில் தங்கள் பாட்டுகளைத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். தொகுப்புகளில் அவையும் அதே பெயரில் கலந்து கிடக்கின்றன. ராய் ஆர்பிசன்கூட ‘புளூ வெல்வெட்’ வெளிவந்த மறுவருடம் ‘இன் ட்ரீம்ஸ்’ பாட்டை மறுபடி பாடினார். படத்தில் வருவது 1963-இன் பதிவு. எனவே பதிவான ஆண்டைப் பார்த்துவிட்டு, படத்தில் வரும் தொடக்கத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இரண்டாவது, டிவிடி. நம் நாட்டு டிவி முறையில் நொடிக்கு 25 படம், தியேட்டரில் 24. அப்படி மாற்றிய பழைய டிவிடிக்களில் படம் சுமார் நாலு சதவீதம் வேகமாக ஓடும். பாட்டின் சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறியிருக்கும். தட்டும் டிவிடியும் சேராவிட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

மாலை நிகழ்ச்சிக்கு ஐந்தாறு பேர் போதும். முழுப் படம் போட்டால் பாட்டைப் பற்றிய பேச்சு காணாமல் போய்விடும்; ஐந்து காட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தப் பாட்டைத் தனியாக ஒரு முறை ஒலிக்கவிடுங்கள். ‘பிளாக்போர்டு ஜங்கிள்’, ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’, ‘கோஸ்ட் வேர்ல்ட்’, ‘அதே கண்கள்’, ‘சுப்பிரமணியபுரம்’ என்ற வரிசை எனக்குப் பலமுறை நன்றாக அமைந்திருக்கிறது. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒற்றை ஸ்பீக்கருக்காக, ஜூக்பாக்ஸுக்கும் ரேடியோவுக்குமாகக் கலக்கப்பட்டவை. ஆகவே, இருபுறமும் பெட்டி வைத்து அறையை அதிரவைப்பதைவிட, ஒரே ஸ்பீக்கரை உட்காரும் உயரத்தில் வைத்தால் குரல் முன்னால் வந்து நிற்கும். காட்சி முடிந்தவுடன் கதையை விளக்கத் தொடங்குபவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் சுண்டல் பாத்திரத்தைக் கொடுத்து விநியோகிக்கச் சொல்லுங்கள். நண்பர்களுக்கு வீட்டில் போட்டுக் காட்டுவது வரை சிக்கலில்லை. மண்டபத்தில் பொதுவில் திரையிடுவதானால் முறையாக அனுமதி வாங்க வேண்டும்.

கடைசிப் பாட்டை வேறு மாதிரி வையுங்கள். ரேடியோ செட்டுக்காரரிடம் ஒரு பழைய குழாயை வாடகைக்கு எடுத்து, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லின் மேல், மதில் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எல்லோரையும் மாடிக்கு அனுப்புங்கள். படத்தில் வந்த பாட்டையே அதில் குறைந்த ஒலியில் ஓடவிடுங்கள். ஒருவர் கீழே நின்று குழாயை மெதுவாகத் திருப்பட்டும். மேலே இருப்பவர்கள் பேசாமல், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கையால் காட்டட்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், ஒன்பதே முக்காலுக்குக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் மறுநாள் காலை டீக்கடை திறக்கும் முன்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், செட்டுக்காரர் அடுத்த மாதமும் கொடுப்பார்.